தோல் இருக்கையில் தெரியும் பளபளப்பு

என் காரின் ஓட்டுநர் இருக்கையில், ஏறி இறங்கும்போது தொடை உரசுகிற வெளிப்புற மேட்டில், ஒரு கறை பல மாதங்களாக என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. சுவரில் கிறுக்கியதை அழிப்பதற்காக வீட்டில் வாங்கி வைத்திருந்த வெள்ளைப் பஞ்சு ஒன்றை ஈரமாக்கி, ஒரு விடுமுறை நாளில் அந்தக் கறையைத் தேய்த்துப் பார்த்தேன். நான்கைந்து இழுப்பிலேயே கறை மறைந்தது. பஞ்சின் அடியில் வெளிர் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இத்தனை அழுக்கா என்று வியந்து, வந்த உற்சாகத்தில் அந்த மேடு முழுவதையும் தேய்த்து முடித்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் இருக்கை முழுவதும் ஒரே நிறமாக இருக்க, நான் தேய்த்த இடம் மட்டும் திட்டுத்திட்டாக வெளுத்து, விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. பஞ்சில் ஒட்டியிருந்தது இருக்கையின் நிறம் என்பது அப்போதுதான் உறைத்தது. மெலமைன் பிசினால் செய்யப்படும் அந்தப் பஞ்சு கைக்கு எவ்வளவு மென்மையாகத் தெரிந்தாலும், அது செய்கிற வேலை உப்புத்தாளின் வேலை.

நான் எங்கே தவறினேன் என்று தேடிப் படித்தபோது முதலில் புரிந்தது, கார் இருக்கையைத் துடைக்கும்போது நம் கை தோலையே தொடுவதில்லை என்பதுதான். இன்றைய கார்களில் வரும் தோல் பெரும்பாலும் குரோமியம் உப்புகளாலோ, குரோமியம் கலக்காத வேறு முறைகளாலோ பதனிடப்பட்டு, இழைகளுக்கு நடுவே எண்ணெய் ஏற்றி மென்மையாக்கப்பட்டு, அதன் மேல் நிறமிகள் கலந்த வண்ணமும், கடைசியாகப் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை கலந்த நிறமற்ற மேற்பூச்சும் பூசப்பட்டுத்தான் தையல் மேசைக்கு வருகிறது. தோலின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் என்றால், அதன் மேலிருக்கும் பூச்சு அதில் மிகச் சிறிய பங்குதான், அந்தப் பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை வெறுமனே தோல் என்று சொல்லி விற்கக்கூடாது என்பது ஐரோப்பியத் தரநிர்ணயத்தின் வரையறை. நாம் துடைப்பது, அழுக்காக்குவது, வெயிலில் காயவிடுவது, என்னைப் போன்றவர்கள் சுரண்டி எடுப்பது எல்லாமே அந்த மெல்லிய படலத்தைத்தான். அது இருக்கும்வரை அடியிலிருக்கும் தோலுக்குப் பெரிதாக ஒன்றும் நேர்ந்துவிடாது.

ஆகவே எந்தப் புட்டியையும் திறப்பதற்கு முன், தன் காரில் இருப்பது எவ்வகைத் தோல் என்பதை ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்து ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துச் சில நிமிடம் காத்திருந்தாலே ஓரளவு விளங்கிவிடும். சொட்டு முத்தாகவே நின்றால் பூச்சுள்ள தோல். மெல்ல உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால், பூச்சு இல்லாத அல்லது மிக மெல்லிய பூச்சுள்ள அனிலின் வகை. விலையுயர்ந்த சில கார்களில் மட்டும் வரும் இந்த அனிலின் தோலுக்கும், மேற்பரப்பில் பூமயிர் எழுப்பிய நூபக், ஸ்வேட் வகைகளுக்கும் நான் கீழே சொல்லும் முறை பொருந்தாது. அவற்றுக்கென்று தனியே கிடைப்பவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். அல்கான்டரா என்று அழைக்கப்படுவது தோலே அல்ல, செயற்கை நுண்ணிழைத் துணி. மேலும், தோல் இருக்கை என்று சொல்லி விற்கப்படும் கார்களிலும் உட்காரும் பரப்பும் சாயும் பரப்பும் மட்டுமே தோலாக இருந்து, பக்கங்களும் முதுகுப்புறமும் ரெக்சினாக இருப்பது வெகு சாதாரணம். காருடன் வரும் கையேட்டில் இது பெரும்பாலும் குறிப்பிடப்பட்டிருக்கும்; படிக்காமல் விடுகிறோம், அவ்வளவுதான்.

பூச்சுள்ள தோல் புதிதாக இருக்கும்போது மங்கலாக, ஒளியை விழுங்கிக்கொள்வது போல இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஓட்டுநர் இருக்கை மட்டும் மினுமினுக்கத் தொடங்கும்போது, தோல் நன்றாகப் பழகிவிட்டது என்று நாம் மகிழ்ந்துகொள்கிறோம். உண்மையில் அந்த மினுமினுப்பு நம் உடம்பிலிருந்து வந்தது. வியர்வை, தோலின் எண்ணெய்ப்பசை, தலைக்குத் தடவிய எண்ணெய், கைக்குப் பூசிய களிம்பு, வெயில் காப்புக் கிரீம் எல்லாம் சேர்ந்து ஒரு படலமாகி, அதன் மேல் தூசி வந்து ஒட்டி, நாம் ஒவ்வொரு முறை நகர்ந்து உட்காரும்போதும் அந்தத் தூசி அரம்போலப் பூச்சை ராவிக்கொண்டே இருக்கிறது. யாரும் அதிகம் உட்காராத பின்னிருக்கையின் நடுப்பகுதியையும் ஓட்டுநர் இருக்கையையும் ஒரு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: முன்னதில் தோலின் வரிப்பள்ளங்கள் தெளிவாக நிழல் விழுந்து தெரிய, பின்னதில் அவை மெழுகு ஊற்றி நிரப்பியதைப் போல மூடிக் கிடக்கும். சுத்தம் செய்து முடித்த இருக்கை முன்பைவிட மங்கலாகத் தெரிந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று பொருள்.

எதைக் கொண்டு சுத்தம் செய்வது என்பதில்தான் வீட்டு வைத்தியங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 4, 5 என்ற வட்டத்தில் இருக்கும். குளியல் சோப்புக் கட்டியோ 9, 10 வரை போகும் காரம். ஒருமுறை சோப்பு நுரை பட்டால் இருக்கை பாழாகிவிடும் என்று நான் பயமுறுத்த வரவில்லை, மேற்பூச்சு அவ்வளவு பலவீனமானது அல்ல. ஆனால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், தையல் துளைகள் வழியாகவும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வழியாகவும் இறங்கும் காரம் உள்ளே தங்கித் தன் வேலையைக் காட்டும். எண்ணெய்ப் பிசுக்கு நீக்குவதற்கென்றே செய்யப்பட்ட கடுமையான திரவங்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஸ்பிரிட், நகப்பூச்சு நீக்கி, கை சானிடைசர் ஆகியவை மேற்பூச்சையே இளக்கிவிடக்கூடியவை. சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு கை உலர்வதற்குள் தோல் உறை போட்ட ஸ்டீரிங்கைப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், தாங்கள் வழக்கமாகப் பிடிக்கும் இடத்தை மற்ற இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள்கள் அவசரத்துக்கு உதவலாம். அன்றாடப் பழக்கமாக்க வேண்டாம், அவற்றில் இருப்பவை குழந்தையின் சருமத்துக்காகக் கலக்கப்பட்டவை, பாலியூரித்தேனுக்காக அல்ல. வாகனத் தோலுக்கென்று விற்கப்படும், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, காரமில்லாத நுரைக் கிளீனர் ஒன்று போதும்.

வேலையை நிழலில், இருக்கை தொட்டால் சூடு தெரியாத நேரத்தில் தொடங்க வேண்டும். சூடான பரப்பில் கிளீனர் துடைப்பதற்குள் உலர்ந்து திட்டாகிவிடும். முதல் வேலை ஈரமே இல்லாத வேலை. இருக்கையை முடிந்தவரை பின்னே தள்ளி, சாய்மானத்தை விரித்து, மென்மையான பிரஷ் முனை பொருத்திய வாக்வம் கிளீனரால் சாய்மானமும் உட்காரும் பகுதியும் சேரும் இடுக்கிலிருந்து மணலையும் துணுக்குகளையும் எடுக்க வேண்டும். இதை அலட்சியப்படுத்திவிட்டு நேரே ஈரத்துணியைப் போட்டால், அந்த மணலை வைத்தே இருக்கையைத் தேய்த்ததாகும். பிளாஸ்டிக் முனையை நேரடியாகத் தோலின் மேல் இழுத்துக் கோடு போட்டவர்கள் பலர். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

அடுத்து, யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் கிளீனரைச் சிறிது தடவித் துடைத்து, துணியில் அழுக்கு மட்டும் வருகிறதா, நிறமும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நிறம் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வராவிட்டால், இருக்கையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, தையலுக்குத் தையல் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் கணக்குத் தப்பாது, ஒன்றை முழுதாக முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். கிளீனரை இருக்கையின் மேல் தெளிக்காமல் பிரஷ்ஷின் மேல் இரண்டு அழுத்து அழுத்தி, குதிரைமயிர் போன்ற மென்மையான பிரஷ்ஷால், அதன் எடையே போதும் என்கிற அளவு அழுத்தத்தில், சிறு சிறு வட்டங்களாக ஓட்ட வேண்டும். முதலில் வெள்ளையாக எழும் நுரை கொஞ்ச நேரத்தில் தேநீர் நிறத்துக்கு மாறுவதைப் பார்க்கலாம். தோலின் வரிகளுக்குள் கிடந்த அழுக்கு மேலே வந்து நுரையில் மிதக்கும் அந்த நொடியில், அது உலர்ந்து மறுபடியும் உள்ளே போய்ப் படிவதற்குள், வெளிர் நிற மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுத்துத் துடைத்துவிட வேண்டும். துணியை நான்காக மடித்து, ஒரு முகம் அழுக்கானதும் அடுத்த முகத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. அழுக்கு இன்னும் இருந்தால் அழுத்தத்தைக் கூட்டக்கூடாது, சுற்றைக் கூட்ட வேண்டும். என் இருக்கைக்கு முதல் தடவை மூன்று சுற்றுகள் தேவைப்பட்டன. மூன்றாவது துணியில்தான் கறுப்புக் குறைந்தது.

தண்ணீர் எவ்வளவு குறைவாகப் போகிறதோ அவ்வளவு நல்லது என்பதற்குத் தோலைத் தவிர வேறு காரணங்களும் உள்ளன. முன்னிருக்கைகளுக்கு அடியில் வெப்பமூட்டும் கம்பிகளும், பக்கத்தில் ஆள் அமர்ந்திருப்பதை அறியும் உணரியும், மின்னிணைப்புகளும் இருக்கலாம். பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் சாய்மானத்தின் வெளிப்புற மேட்டுக்குள்ளேயே மடங்கிக் கிடக்கிறது. விபத்தின்போது அந்த இடத்தின் தையல் பிளந்துதான் அது வெளியே வரும். அந்தத் தையல் சற்றுப் பிரிந்திருக்கிறதே என்று ஊசி நூல் எடுத்துத் தைப்பதோ, பசை வைத்து ஒட்டுவதோ, அந்தப் பக்கத்தை மூடும் உறையை மாட்டுவதோ கூடவே கூடாது. காற்று வரும் துளைகள் கொண்ட இருக்கைகளில் கிளீனரைத் துணியில் எடுத்துத் துடைப்பதே முறை. துளைக்குள் நுரை இறங்கிக் காய்ந்தால் ஒவ்வொரு துளையிலும் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும், அதைப் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக எடுக்கும் பொறுமை எல்லோருக்கும் வாய்க்காது. நீராவி அடிக்கும் கருவியை நான் தோலுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஈரமும் சூடும் ஒன்றுசேர்ந்தால் தோல் சுருங்கும், சுருங்கிய தோல் திரும்ப விரியாது. அவசரத்துக்கு ஹேர் டிரையரைக் காட்டுவதும் அதே காரணத்தால் தவறு. கதவுகளைத் திறந்து வைத்தால் தானாக உலர்ந்துவிடும்.

வெளிர் நிற இருக்கை வைத்திருப்பவர்களின் பெரும் துயரம் ஜீன்ஸ். புதிய ஜீன்ஸின் இன்டிகோ சாயம் இழையோடு முழுவதுமாகப் பிணையாமல் மேலாக நிற்பதால், உரசலிலும் வியர்வை ஈரத்திலும் கழன்று இருக்கைக்கு மாறிவிடுகிறது. சில நாட்களுக்குள் துடைத்தால் சாதாரணக் கிளீனரிலேயே பெரும்பாலும் போய்விடும். மாதக்கணக்கில் விட்டால் சாயம் மேற்பூச்சுக்குள்ளேயே இறங்கி, அதன் பிறகு எதைக் கொண்டு எடுத்தாலும் பூச்சையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும். பேனா மையும் அப்படித்தான். மையைக் கரைக்கும் ஸ்பிரிட் இருக்கையின் நிறத்தையும் கரைக்கும். நீலக் கோட்டை அழிக்கப்போய் வெள்ளைக் கோட்டை வாங்கிக்கொள்வதைவிட, புதிய கறையாக இருக்கும்போதே கிளீனர் நனைத்த துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றியெடுத்துப் பார்த்து, போகாத மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். எண்ணெயோ பானமோ சிந்தினால் தேய்க்காமல், உலர்ந்த துணியை மேலே வைத்து உறிஞ்ச விட வேண்டும். சூயிங்கம் ஒட்டினால் ஒரு பனிக்கட்டியைப் பைக்குள் போட்டு அதன் மேல் வைத்து, கெட்டியானதும் உரித்துவிடலாம்.

இனி, சுத்தம் செய்தபின் தோலில் பூசும் கண்டிஷனர். இங்கேதான் எனக்கும் பலருக்கும் கருத்து வேறுபாடு. தோலுக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது காய்ந்து வெடிக்கும் என்ற அறிவுரை குதிரைச் சேணங்களின் காலத்திலிருந்து வருவது. மரப்பட்டைச் சாறுகளில் பதனிட்டு, பூச்சு எதுவும் இல்லாமல், மழையிலும் வியர்வையிலும் கிடந்த சேணத்துக்கு அது முற்றிலும் சரியான அறிவுரை. பாலியூரித்தேன் பூசிய கார் இருக்கையின் மேல் அதே எண்ணெயைத் தடவினால் அது உள்ளே போக வழி இல்லை. மேலேயே நின்று, தூசியைப் பிடித்து, நாம் சற்று முன் மெனக்கெட்டு அகற்றிய அதே பிசுக்குப் படலத்தை ஒரே நாளில் மறுபடி உருவாக்கிவிடும். சமையலறை எண்ணெய் என்றால் நாளடைவில் சிக்கு நாற்றமும் சேரும். எங்கே பூச்சு தேய்ந்திருக்கிறதோ அங்கே மட்டும் அது உள்ளே இறங்கிக் கருப்பாகும், பிறகு அந்த இடத்துக்கு நிறம் பூச வந்தால் பூச்சு ஒட்டாது.

அப்படியானால் கண்டிஷனரே வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. பூச்சுள்ள தோலுக்கென்று செய்யப்பட்ட, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட நல்ல கண்டிஷனர் மேற்பரப்பில் மிக மெல்லிய காப்புப் படலமாக அமர்ந்து, உரசலையும் சாயம் ஏறுவதையும் சற்றுத் தாங்கிக்கொள்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் கலந்திருந்தால் வெளுப்பதையும் தாமதப்படுத்துகிறது. அழுக்கு முதலில் இந்தப் படலத்தில் படிவதால் அடுத்த முறை துடைப்பது எளிதாகிறது. இந்த வேலைக்குக் கைநிறைய எடுக்கத் தேவையில்லை. ஒரு சாய்மானத்துக்குக் கட்டைவிரல் நகம் அளவு கண்டிஷனரைப் பஞ்சுப் பட்டையிலோ துணியிலோ எடுத்து, ஈரம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்குப் பரவலாகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, சுத்தமான உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். தடவுவதைவிடத் துடைத்தெடுப்பதற்கு அதிக நேரம் செலவிடலாம். முடிந்தபின் புறங்கையால் தொட்டால் இருக்கை வறண்டிருக்க வேண்டும். வழுக்கினாலோ பிசுபிசுத்தாலோ அளவு மீறிவிட்டது. அழுக்கை எடுக்காமல் கண்டிஷனர் பூசுவது, குளிக்காமல் பவுடர் அடித்துக்கொள்வதைப் போன்றது.

டேஷ்போர்டை மின்ன வைக்கும் சிலிக்கான் தெளிப்பான்களை இருக்கையின் பக்கமே கொண்டுவரக்கூடாது. இருக்கையில் வழுக்கல் வெறும் எரிச்சல். ஸ்டீரிங்கிலும் பெடலிலும் அது ஆபத்து. ஸ்டீரிங் உறையைச் சுத்தம் செய்வதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன், அதற்குக் கண்டிஷனர் பூசுவதே இல்லை.

வெடிப்பு விழுந்த இருக்கையைக் கண்டிஷனர் சரிசெய்யும் என்று புட்டியில் எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். வெடித்திருப்பது பூச்சு, களிம்பால் அது மீண்டும் ஒட்டாது. அதற்கு வெடிப்பை அடைக்கும் நிரப்புப் பொருளும், நிறம் பொருத்திய புதிய பூச்சும், மேலே காப்புப் பூச்சும் தேவை. அது தனிக் கைவேலை. வெடிப்பைத் தள்ளிப்போட நம்மால் முடிந்தது வெயிலைக் குறைப்பது. நேர் வெயிலில் நிற்கும் காரின் கருநிறப் பரப்புகள் 60 டிகிரி செல்சியசைத் தாண்டுவது சாதாரணம். முன் கண்ணாடிக்கு ஒரு மறைப்பு வைப்பது எந்தப் புட்டியைவிடவும் அதிகப் பலன் தரும். ஏறும்போது மேட்டின் மேல் உரசி வழுக்கிக்கொண்டு உள்ளே போகாமல், முதலில் இருக்கையின் நடுவில் உட்கார்ந்துவிட்டுக் கால்களை உள்ளே எடுத்துக்கொண்டாலே அந்த ஓரம் பல ஆண்டுகள் கூடுதலாக நிற்கும். பின்பாக்கெட்டில் சாவியை வைத்துக்கொண்டு உட்காருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என் வழக்கம் இப்போது இதுதான்: வாரம் ஒருமுறை நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒரு துடைப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் இருக்கைக்கு மட்டும் நுரையும் பிரஷ்ஷும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா இருக்கைகளுக்கும் முழுச் சுத்தமும் கண்டிஷனரும். வெளுத்துப்போன அந்த மேட்டுக்கு நிறம் பொருத்திப் பூசித் தரும் ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்தாயிற்று. பகல் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. இரவில் கதவைத் திறந்ததும் எரியும் கூரை விளக்கில் மட்டும், அந்த இடம் பக்கத்துத் தோலைவிட ஒரு சாயல் மஞ்சளாகத் தெரிகிறது.